பொடிமீன் வாரம்

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட சாயங்காலத்தில், டெஸ் டென்னஹி தன் டிரக்கை ஹீனன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்தினானே தவிர இறங்கவில்லை. மழை நின்ற பிறகும் வைப்பரை அணைக்கத் தோன்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ரேவின், துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

"நெவில், டெஸ் வந்திருக்கான்."

நெவில் டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தான். இருவரும் ஜன்னலருகே நின்றார்கள். ஜூன் மாதம் ரீஸை அடக்கம் செய்த பிறகு டெஸ் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. ரீஸ் அவனுடைய ஒரே பிள்ளை. ரீஸ் செத்துப்போன காரை ஓட்டியது ரேவினின் மகன் டெக்லன்.

நெவில் வெளியே போனான். ரேவின் கதவோரம் நின்று கேட்டாள்.

"உள்ள வாடா. எதுக்கு வண்டியிலயே உட்கார்ந்திருக்கே?"

"இல்ல, கிளம்பணும்." டெஸ் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தான். "லீவு வருதில்ல. மேடையில பலகையெல்லாம் உளுத்துப்போச்சு. ஒத்தை ஆளா மாத்த முடியாது. வருவீங்கதானே?"

நெவில் டெஸ்ஸின் மனைவியைப் பற்றிக் கேட்டான். "நோலீன்?"

"அவ வரமாட்டா. நான் வர்றேன்." டெஸ் வீட்டை ஒருமுறை பார்த்தான். "டெக்லனையும் கூட்டிட்டு வா. எல்லாம் எப்பவும் போல நடக்கணும் நெவில். எதையும் விட்டுடக் கூடாது."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அது பதினைந்து வருஷத்துப் பழக்கம். செப்டம்பர் கடைசியில், அந்தத் தென்கோடி நாட்டில் வசந்த விடுமுறை விட்டதும் இரண்டு குடும்பமும் தங்கள் ஊரான ஹோகிடிகாவிலிருந்து தெற்கே, வைமாரோ ஆற்றின் கழிமுகத்துக்குப் போய்விடும். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தகரக் குடில்கள். ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேடை இரண்டு குடும்பத்துக்கும் பொது. கடல் ஏறும்போது ஆற்றுக்குள் நுழையும் பொடிமீனை, உடம்பெல்லாம் கண்ணாடியாகவும் கண் மட்டும் கறுப்பாகவும் இருக்கும் குஞ்சுகளை, வலை போட்டுப் பிடிப்பார்கள். முட்டையில் கலந்து வெண்ணெயில் அடை வார்த்து, ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்பார்கள். பகலில் வாள் போல நீண்ட ஃப்ளாக்ஸ் இலையில் படகு செய்து ஓடையில் பந்தயம். இருட்டியதும் நிலக்கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அந்தக் கரையோரத்து ஜனங்களின் சீட்டாட்டமான நாற்பத்தைந்து. தோற்ற ஜோடிதான் பாத்திரம் கழுவ வேண்டும். கடைசி நாளில் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளைக் குவித்துத் தீ மூட்டுவார்கள். இதற்குப் பெயர் பொடிமீன் வாரம். கிறிஸ்துமஸைக்கூட வேறு எங்காவது கொண்டாடுவார்கள், பொடிமீன் வாரத்தைத் தவறவிட்டதில்லை.

ரீஸ் பத்து வயதில் ஒரு வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்து குடிலை விட்டு வெளியே வராமல் கிடந்த வருஷம், அவன் அம்மா நோலீன் ஒரு சட்டம் போட்டாள். கழிமுகத்தில் சிக்னல் கிடைக்காது. இருந்தாலும் திரை என்று ஒன்று உள்ள எதுவும் வந்து இறங்கியவுடன் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். வாரம் முடிந்து வண்டி கிளம்பும்போதுதான் டின் திறக்கும். பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான்.

இந்த வருஷம் அங்கே போவதா என்று ரேவினும் நெவிலும் நாலைந்து நாள் மாற்றி மாற்றிப் பேசினார்கள். டெக்லனுக்கு ஏப்ரலில் பதினெட்டு முடிந்திருந்தது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு. அக்டோபர் கடைசியில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். குளிர்காலமான அந்த ஜூன் மாதத்துச் சாயங்காலம், பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில், சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் பனிக்கட்டி படிந்திருந்தது. போலீஸ் அவன் போனை வாங்கிப் பார்த்தது. அந்த நேரத்தில் அதை அவன் தொட்டதாகத் தெரியவில்லை. குடித்திருக்கவும் இல்லை. பனிதான் காரணம் என்று நிரூபித்துவிடலாம், பையன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார் வக்கீல். டெக்லன் அதற்கு முன்பே வாயை மூடியிருந்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவன் போன் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது கட்டிலில் கிடந்த போன் மினுங்கியது. ரேவின் பார்த்தாள். 'நீ எதுக்குடா இன்னும் மூச்சு விடறே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியவனை அவளுக்குத் தெரியும். பத்து வயதில் அவன் பிறந்தநாளுக்கு கேக் செய்து கொடுத்தவள் அவள்தான்.

"போலாம் நெவில்," என்றாள் அன்றைக்கு. "ஒரு வாரமாவது அது டின்னுக்குள்ள கிடக்கட்டும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டெஸ் முந்தின நாளே வந்து இரண்டு குடிலையும் பெருக்கி, புகைபோக்கியைக்கூடச் சுத்தம் செய்து வைத்திருந்தான். எல்லோரும் இறங்குவதற்கு முன்னாலேயே பிஸ்கட் டின்னோடு வண்டியருகே வந்து நின்றான். நெவில் தன் போனைப் போட்டான். ரேவின் போட்டாள். டெக்லன் போட்டபோது டெஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போன் டின்னில் விழுந்த சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றான்.

கடைசியாக டெக்லனின் பத்து வயதுத் தங்கை ஓர்லா வந்தாள். "டெஸ் அங்கிள், எனக்குத்தான் போனே வாங்கித் தர மாட்டேங்கறாங்களே. என் கால்குலேட்டரைப் போடட்டுமா? அதுலயும் திரை இருக்கு."

போன வருஷமாக இருந்திருந்தால் டெஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி, பாதிரியார் மாதிரி சிலுவை போட்டு டின்னுக்குள் இறக்கியிருப்பான். அந்தக் கூட்டத்தில் கோமாளி அவன்தான். இப்போது, "போடு," என்று மட்டும் சொன்னான். ஓர்லா கால்குலேட்டரை எடுத்துப் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

முதல் நாள் பலகை மாற்றும் வேலை. இடுப்பளவு தண்ணீரில் இறங்க மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு வேண்டும். டெக்லனின் உடுப்பு போன வருஷத்தது. தோள் பட்டை எட்டவில்லை. டெஸ் தன் குடிலுக்குள் போய் ரீஸின் உடுப்பை எடுத்து வந்தான்.

"இது சரியா இருக்கும். போட்டுக்கோ."

டெக்லன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான்.

"போட்டுக்கோடா. ரப்பர்தானே."

அவன் போட்டுக்கொண்டான். சரியாகத்தான் இருந்தது. குடில் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரேவினுக்கு, தண்ணீருக்குள் முதுகைக் காட்டி நிற்பது தன் மகனா டெஸ்ஸின் மகனா என்று ஒரு கணம் புரியாமல் போயிற்று. டெஸ்ஸும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு, சுத்தியலை ஓங்காமல் நின்றிருந்தான்.

அன்றிலிருந்து எல்லாமே ஒரு பூஜை மாதிரி நடந்தது. கடல் ஏறத் தொடங்கும் முன்பே டெஸ் வந்து கதவைத் தட்டுவான். மேடையின் நுனி ரீஸ் நிற்கும் இடம். அங்கே டெக்லன் நிற்க வேண்டும். அடை வார்க்க ரேவின் மாவு கொஞ்சம் சேர்த்தபோது, "நோலீன் மாவு போடமாட்டா," என்றான். இரண்டாம் நாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஓடையில் தண்ணீர் சேறாகச் சுழித்துக்கொண்டு போனது. பந்தயத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நெவில் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை.

"இரண்டாம் நாள்தான் படகு விடற நாள்."

ஐந்து பேரும் மழையில் நனைந்துகொண்டு ஃப்ளாக்ஸ் இலையை மடித்தார்கள். ஓர்லாவுக்கு விரல் விறைத்துப்போய் முடிச்சு விழவில்லை. விட்ட படகுகள் எல்லாம் முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்து காணாமல் போயின. யாரும் ஜெயிக்கவில்லை. டெஸ் மட்டும் முழங்கால் சேற்றில் அடுத்த திருப்பம் வரை போய்த் தேடிவிட்டு வந்தான்.

"இது லீவா?" என்றாள் ரேவின், குடிலுக்குள் நெவிலின் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே. "தண்டனை. நமக்கு மட்டும் இல்ல, அவனுக்கும்தான். நாளைக்குக் கிளம்பிடலாம்."

"பொறுத்துக்கோ."

"டெக்லனைப் பாரு. மூணு வாய் சாப்பிடல."

நெவில் குரலைத் தாழ்த்தினான். "அவன் மனசு கொஞ்சம் ஆறினா நமக்கு நல்லது ரேவின். கோர்ட்டுல ஜட்ஜ் முதல்ல செத்தவன் வீட்டுலதான் கேப்பாரு. டெஸ் ஒரு நல்ல வார்த்தை சொன்னான்னா, பையன் தப்பிச்சான்."

ரேவின் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குத்தான் வந்தியா?"

"நீ எதுக்கு வந்தே? எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குத்தான் வந்திருக்கோம்."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டு. எப்போதும் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்வார்கள். டெக்லனுக்கு ஜோடி ரீஸ். ஒரு பக்கம் ரேவினும் ஓர்லாவும் உட்கார்ந்தார்கள். நெவில் தனக்கு ஜோடி இல்லையே என்று கையை விரித்தான்.

"நீ ஓய்வெடு," என்றான் டெஸ். "ரீஸ் கையை நான் ஆடறேன்." புள்ளி எழுதும் அட்டையில் வழக்கம்போல மகனின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினான்.

சீட்டு விழுந்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். டெஸ்ஸின் கையில் துருப்பு ஐந்து இருந்தது. ஆட்டத்திலேயே பெரிய சீட்டு அது. ரீஸாக இருந்தால் அதை மேசை அதிர அடித்துவிட்டு எழுந்து ஒரு கூத்து நடத்துவான். டெஸ் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ரீஸுக்கு," என்றான்.

ஓர்லா கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஆடலம்மா. செத்துப்போனவங்க ஜெயிச்சா நாங்க எப்படிச் சண்டை போடறது?"

"ஓர்லா!" என்றான் நெவில்.

"நிஜமாத்தான் கேக்கறேன். ரீஸ் சீட்டை ஒளிச்சு வச்சு ஏமாத்துவான். நான் அவனை உதைப்பேன். இப்ப யாரை உதைக்கறது?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரீஸுக்காக அந்தக் குடும்பத்தில் யாராவது சத்தமாக அழுதது அன்றைக்குத்தான்.

டெக்லன் எழுந்து பாத்திரங்களைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தான். யாரும் தோற்றிருக்கவில்லை. டெஸ் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுக்கி, பெட்டியில் போட்டு மூடிவிட்டுத் தன் குடிலுக்குப் போனான்.

நாலாம் நாள் காலையில் மீன் வந்தது. அப்படி ஒரு வரவை அந்த ஆற்றில் பல வருஷமாக யாரும் பார்த்ததில்லை. கரையோரத் தண்ணீர் நிறம் மாறிப் பட்டையாக நகர்ந்தது. டெஸ்ஸும் டெக்லனும் விடியலிலிருந்து மேடையில் நின்றார்கள். நெவில் ஓர்லாவை அழைத்துக்கொண்டு விறகு பொறுக்கப் போயிருந்தான். ரேவின் ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் இறங்கினாள்.

மேடைக்குச் சற்று முன்னால் ஃப்ளாக்ஸ் புதர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அங்கே வந்தபோது டெஸ்ஸின் குரல் கேட்டது. மீனைப் பற்றிப் பேசுகிற குரலாக இல்லை. அவள் நின்றாள்.

"...நோலீன் தினமும் கேக்கறா. தூங்கி எழுந்தா அதே கேள்வி. பயந்தானா? கத்தினானா? என்னைக் கூப்பிட்டானான்னு. எனக்கு என்ன தெரியும்? அது தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்."

"வக்கீல் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் அங்கிள்," என்றான் டெக்லன்.

"நான் என்ன போலீஸா? அவன் அப்பன்டா நான்."

பலகையில் காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"பயப்படல," என்றான் டெக்லன். "சத்தியமாப் பயப்படல. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. சிரிச்சுக்கிட்டு இருந்தான்."

"சிரிச்சானா?"

"கடைசி வரைக்கும். மூச்சு முட்டச் சிரிச்சான்."

டெஸ்ஸிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்று ரேவினுக்குத் தெரியவில்லை. "சிரிச்சானாம்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான். பிறகு, தாகத்தில் இருப்பவன் இன்னொரு மிடறு கேட்பது போலக் கேட்டான்: "எதுக்குடா சிரிச்சான்?"

டெக்லன் பதில் சொல்லவில்லை.

ரேவினுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது என்பதைவிட, பனி மட்டும் காரணமில்லை என்று ஜூன் மாதத்திலிருந்து தனக்குத் தெரிந்தே இருந்தது எழுந்து நின்றது. 'டீ கொண்டுவந்திருக்கேன்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பையன் வாயை மூடிக்கொள்வான், மறுபடி திறக்கவே மாட்டான். அவள் ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குரல் கொடுக்கவில்லை. நாலு மாதமாக அவன் இத்தனை வார்த்தைகள் பேசி அவள் கேட்டதில்லை.

"போன்ல ஒரு வீடியோ," என்றான் டெக்லன். "அவன் போன்ல. 'இங்க பாரு, இங்க பாரு'ன்னு என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். பார்த்தேன். அப்புறம் ரோட்டைப் பார்த்தேன். 'இப்பத்தான்டா நல்ல இடம் வருது'ன்னான். மறுபடியும் பார்த்தேன். நிமிர்ந்தப்போ பாலம்."

"அப்போ ஐஸ்?"

"ஐஸும் இருந்துச்சு. ரோட்டைப் பார்த்திருந்தா வேகத்தைக் குறைச்சிருப்பேன்."

"அவன் போனைப் போலீஸ் பார்க்கவே இல்லையே."

"அது ஆத்துல போயிடுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

வலைக்குள் மீன் நிரம்பிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இருவரும் அதைப் பார்க்கவில்லை. டெஸ்ஸின் குரலில் கோபம் இல்லை. அவன் இன்னும் அந்தச் சிரிப்பையே பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன வீடியோ?"

"வேணாம் அங்கிள்."

"என்ன வீடியோடா? அப்படிச் சிரிக்கற மாதிரி?"

"வேணாம்னு சொல்றேன்ல."

"சொல்லுடா!"

டெக்லன் சொன்னான். "நீங்க அனுப்பினது. புதுசா ரப்பர் உடுப்பு வாங்கினீங்களே, அதை மாட்டிக்கிட்டு அடுப்பங்கரையில துடைப்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுவீங்களே... நோலீன் ஆன்ட்டி எடுத்தது. அவங்க சிரிக்கற சத்தம்கூட அதுல கேக்கும். அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டான்."

ரேவின் புதரை விட்டு வெளியே வந்தாள். வந்ததை அவளே உணரவில்லை. டெஸ் மேடைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கால்கள் தண்ணீரில் தொங்கின. டெக்லன் இரண்டு எட்டுத் தள்ளி, ரீஸின் உடுப்பில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

வெகுநேரம் கழித்து டெஸ் எழுந்தான். "வலையைத் தூக்கு," என்றான். "மீன் செத்துடும்."

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். இரண்டு பேராலும் தூக்க முடியாத கனம். வாளியில் கொட்டியபோது விளிம்பைத் தாண்டி வழிந்து, பலகை இடுக்குகளில் விழுந்து துள்ளியது. டெஸ் மண்டியிட்டு, வழிந்ததைக் கையால் அள்ளி ஆற்றில் விட்டான். விட்டுக்கொண்டே, நிமிராமல் பேசினான்.

"போன் பார்த்தேன்னு நீ யார்கிட்ட சொன்னாலும் சொல்லிக்கோ. சொல்லாட்டியும் போ. அதுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் நோலீனுக்குத் தெரியக் கூடாது. புரியுதா?"

"ம்."

"செத்துடுவா."

கரையேறியவன் ரேவினைப் பார்த்தான். அவள் கேட்டுவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் தாண்டி நடந்தான்.

அன்று பிற்பகலே டெஸ் கிளம்பிவிட்டான். கடைசி நாள் தீக்காக நெவிலும் ஓர்லாவும் குவித்திருந்த கட்டைகளைச் சுற்றி டிரக்கைத் திருப்பிக்கொண்டு, கையசைக்காமல் போனான். பிஸ்கட் டின் அவர்கள் குடில் வாசலில் இருந்தது. தன் போனை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு இவனுக்கு?" என்று கேட்ட நெவிலிடம் டெக்லனே எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க நெவிலின் முகம் சாம்பலாயிற்று. முதலில் மகனைத் திட்டவில்லை, மனைவியிடம்தான் திரும்பினான்.

"நீ எங்க இருந்தே?"

"அங்கதான். புதருக்குப் பின்னால."

"என்ன பண்ணிட்டிருந்தே?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேட்டுக்கிட்டு..." நெவில் நாற்காலியைக் காலால் தள்ளினான். "ஒரு கத்து கத்தியிருக்கக் கூடாதா? ஏதாவது தடுக்கி விழுந்திருக்கக் கூடாதா? இப்ப அவன் நேரா ஸ்டேஷனுக்குப் போவான். கவனக்குறைவுன்னு இருந்தது நாளைக்கு வேற பேரா மாறும். அபாயகரமா ஓட்டினான்னு எழுதுவாங்க. பத்து வருஷம் வரைக்கும் போடலாம், தெரியுமா உனக்கு?"

"அவர் போகமாட்டார்ப்பா," என்றான் டெக்லன். "நான் போறேன்."

"நீ வாயை மூடு. மூடிக்கிட்டு இருந்தா போதும்னுதானே வக்கீல் சொன்னார்!"

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். முடியலப்பா."

நெவில் அவனை அறைந்தான். பெற்ற நாளிலிருந்து அடித்தறியாத கை. அடித்த பிறகு, தனக்கு விழுந்த மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கதவருகே ஓர்லா நின்றிருந்தாள். கையில் ஒரு ஃப்ளாக்ஸ் படகு. அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வாளி நிறைய இருந்த மீனை யாரும் தொடவில்லை. மறுநாள் காலையில் நாற்றமெடுத்திருந்தது. ரேவின் அதைக் கடற்கரைக்குத் தூக்கிப்போய்க் கொட்டினாள். கடற்பறவைகள் அவள் திரும்பும் முன்பே இறங்கிவிட்டன. அன்றே அவர்களும் கிளம்பினார்கள்.

மலை ஏறி இறங்கிச் சிக்னல் கிடைத்த இடத்தில் நெவில் வண்டியை ஓரம் கட்டி வக்கீலைக் கூப்பிட்டான். செத்தவனின் அப்பா புகார் தராதவரை, பையனும் பேசாதவரை, ஒன்றும் மாறாது என்றார் வக்கீல். நெவில் அதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னான். டெக்லன் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டின்னிலிருந்து வெளியே வந்த அவன் போன் ரேவினின் மடியில் விடாமல் அதிர்ந்தது. நாலைந்து நாளாகக் காத்துக்கிடந்த வசவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் அதைக் கவிழ்த்து, கையால் மூடிக்கொண்டாள்.

டெஸ் போலீஸுக்குப் போகவில்லை. போனது டெக்லன்தான். திங்கட்கிழமை காலையில் தனியாக நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதற்கு முந்தின இரவு ரேவின் அவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நெவில் அதைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் தான் ஓட்டும் பால் லாரியில் இரவுச் சுற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மனைவியோடு அவனுக்கு மிச்சமிருந்த பேச்சு வீட்டுச் சாமான்களைப் பற்றித்தான்.

வழக்கின் பெயர் மாறியது. டெக்லன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வயதையும், தானே வந்து சொன்னதையும் நினைத்து நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. கணுக்காலில் எங்கே போகிறான் என்று காட்டும் மின்னணுப் பட்டை கட்டி, ஒரு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக வீட்டுச் சிறை. அந்த வருஷத்துப் பள்ளிப் பரீட்சையை அவன் எழுதவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தண்டனை போதவில்லை. அவர்கள் எழுந்த விதத்திலேயே அது தெரிந்தது. பயணி காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்ததால் கவனம் சிதறியது என்று நீதிபதி வாசித்தார். என்ன வீடியோ என்று அதில் இல்லை. டெக்லன் யாரிடமும் சொல்லவில்லை.

மகனைப் பட்டை கட்ட உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். ரேவின் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நெவில் புகை பிடிக்கப் போயிருந்தான். யாரோ எதிரில் வந்து நிற்க, நிமிர்ந்தாள். நோலீன்.

அடக்கத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை. நோலீன் மெலிந்திருந்தாள். கோட்டுப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. அவளுக்குப் பின்னால், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு டெஸ்.

"உன்கிட்ட பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள் நோலீன்.

"உட்காரு நோலீன்."

"உட்காரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சிரிச்சுக்கிட்டு இருந்தான்னு மட்டும் இவன் சொன்னான், அதுக்கு மேல கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறான்." அவள் பின்னால் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ரீஸ் ஏதோ காட்டினானாமே. சிரிச்சானாமே. அது என்ன? உன் பையன் உன்கிட்ட சொல்லியிருப்பான்."

ரேவின் டெஸ்ஸைப் பார்த்தாள். அவன் தலை வேண்டாம் என்பதுபோல லேசாக அசைந்தது.

"நாய்," என்றாள் ரேவின். முதலில் வாயில் வந்தது அதுதான். "ஏதோ நாய் வீடியோவாம். ஒரு நாய்க்குட்டி சோபாவுல ஏறப் பார்த்து ஏறப் பார்த்து விழுமாம். அதைப் பார்த்துத்தான் சிரிச்சானாம்."

"நாயா?"

"ஆமா."

நோலீன் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு அப்படியே உடைந்தது.

"எத்தனை தடவை கேட்டான் தெரியுமா?" என்றாள். "ஏழு வயசுலேர்ந்து. ஒரே ஒரு நாய்க்குட்டிம்மா, நானே பார்த்துக்கறேன்மான்னு. வீடெல்லாம் முடியாகும்னு நான்தான் வேண்டாம்னேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் வேண்டாம்னேன் ரேவின்."

ரேவின் எழுந்து கையை நீட்டினாள். நோலீன் அதைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. திரும்பி நடந்தாள். டெஸ் கதவை அகலத் திறந்து பிடித்தான். அவள் வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே, ரேவின் பக்கம் பார்க்காமல் நின்றான். பிறகு அவனும் போனான்.